சேலத்தில் ஏசி, கீசர் சர்வீஸ் தொடங்க நாலு லட்சம் போதுமா?

ஐடிஐ முடித்துவிட்டு ஐந்து வருடமாக ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் அம்மாபேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் நாலு லட்சம் சேமிப்பு இருக்கிறது, சேலத்தில் சொந்தமாக ஏசி, கீசர் சர்வீஸ் ஆரம்பிக்க மொத்தம் எவ்வளவு ஆகும், கடை எடுக்கலாமா, லோன் போடலாமா, ஏதாவது ஏசி கம்பெனியின் ஆத்தரைஸ்டு சர்வீஸ் எடுக்கலாமா, ஏற்காட்டில் தெரிந்த லாட்ஜில் கீசர் பராமரிப்பைக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் விலைப்பட்டியல் கேட்பது போல இருக்கிறது. ஆனால் மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தால் இந்த நாலு லட்சம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் உங்கள் மனதில் ஓடுவது என்று நினைக்கிறேன். அதற்கு நேரடியாகவே சொல்கிறேன். சாமான்களுக்கு ஒரு லட்சம் போதும். நாலு லட்சத்தில் தொழிலை ஆரம்பித்து நடத்தவும் முடியும், ஆனால் அதில் பாதியை முதல் வருடம் முழுக்கக் கையிருப்பாக வைத்திருந்தால் மட்டும்தான்.

நான் விண்டோ ஏசி மட்டுமே ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து சேலத்தில் இந்த வேலையில் இருப்பவன். வீடு, கடை, கிளினிக், லாட்ஜ் இவைதான் என் களம். ஆலைகளின் சில்லர் ப்ளாண்ட், பெரிய கட்டடங்களின் டக்ட் வேலை என் பக்கம் கிடையாது, அதனால் அந்தக் கணக்கை இங்கே எடுக்கவில்லை. விலைகளைப் பற்றியும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவிகளின் விலை கடைக்குக் கடை மாறும், காப்பர் விலை அடிக்கடி ஏறி இறங்கும், ஆகவே நான் சொல்லும் தொகைகளைத் திட்டம் போடுவதற்கான சுமாரான கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரி, அரசுத் திட்டம், கேஸ் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன்.

சாமான்களில் ஆரம்பிப்போம். நீங்கள், கூட ஒரு ஹெல்பர், சீசனில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வேலை, இதுதான் அளவு என்று வைத்துக்கொண்டால், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ மாதிரி கைச்சாமான்களுக்கு 5,000 ரூபாய், நல்ல கிளாம்ப் மீட்டருக்கு 3,000, ஆர்32, ஆர்410ஏ என்ற இரண்டு வகை ஏசி கேஸுக்கும் பொருந்தும் பிரஷர் கேஜுக்கு ஹோஸோடு 5,000, பைப் கட்டருக்கும் ஃபிளேரிங் டூலுக்கும் 4,000, ஜெட் பம்புக்கும் சர்வீஸ் கவருக்கும் 7,000, ஹேமர் டிரில்லுக்கு 7,000, ஏணி, கயிறு, இடுப்பு பெல்ட் சேர்த்து 8,000 என்று போகும். இவ்வளவும் எல்லோரும் வாங்குவதுதான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவது இதற்கடுத்து வாங்கும் சாமான்களில். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் டூ ஸ்டேஜ் வேக்குவம் பம்ப் 12,000, எவ்வளவு இழுத்திருக்கிறது என்று காட்டும் மைக்ரான் கேஜ் 6,000, நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் 14,000, காப்பர் பைப்பை ஒட்டும் பிரேசிங் செட் 8,000, கேஸ் எடை போடும் தராசு 4,000. எல்லாம் கூட்டினால் 83,000 வருகிறது. கையில் இருக்கும் பழைய சாமான்களைக் கழித்துக்கொள்ளுங்கள், விட்டுப்போன சில்லறைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எப்படியும் லட்சத்துக்குள் அடங்கும். பைப் போகச் சுவரில் ஓட்டை போடும் கோர் கட்டிங் மெஷினை இப்போது வாங்க வேண்டாம். சுவருக்குச் சுவர் ஆள் வைத்து ஓட்டை போட்டுக்கொள்ளலாம்.

புதிதாக ஆரம்பிக்கும் பலர் இந்த இரண்டாவது பகுதியில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். வேக்குவம் பம்ப் இல்லாமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்று இன்ஸ்டலேஷன் செய்கிறவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். பழைய ஆர்22 கேஸ் காலத்தில் கம்ப்ரஸரில் இருந்த மினரல் ஆயில் ஓரளவுக்கு அதைப் பொறுத்துக்கொண்டது. இப்போது ஆர்32, ஆர்410ஏ மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் பிஓஇ ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் ஆசிட் உண்டாகும், அது கம்ப்ரஸர் வைண்டிங்கைத் தின்னும். மைக்ரான் கேஜில் 500 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை இழுத்து, பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்து பாருங்கள். அளவு கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ லீக். இந்த ஒரு சோதனை, கேஸ் போட்ட வீட்டுக்கு ஒரு மாதத்தில் இலவசமாக மறுபடி போகும் அவலத்தைத் தவிர்த்துவிடும். அந்த இலவச விசிட்டுக்கான பெட்ரோல், கேஸ், அரை நாள் கூலி எல்லாமே உங்கள் மூலதனத்திலிருந்துதான் போகிறது. அதனால் பன்னிரண்டாயிரம் ரூபாய் பம்பைச் செலவாகவே நான் எண்ணுவதில்லை.

நைட்ரஜனும் அப்படித்தான். லீக் பார்க்க நைட்ரஜன் மட்டும்தான் அடிக்க வேண்டும், அதுவும் ரெகுலேட்டர் வழியாக, மெஷினின் பெயர்த்தகட்டில் போட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருக்கிறதே என்று ஆக்சிஜனை அடித்தால், ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து கம்ப்ரஸரே வெடிக்கும், ஆள் போய்விடும். ஏசியைக் கழற்றுவதற்காகக் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துக் கட்டும்போது சக்‌ஷன் பக்கம் லூசாக இருந்து காற்று உள்ளே போனாலும் அதே ஆபத்து இருக்கிறது. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, சில மெஷின்களில் வரும் ஆர்290 என்பது புரொப்பேனேதான். கேஸ் உள்ளே இருக்கும் பைப்பில் டார்ச்சை வைக்கவே கூடாது, கேஸ் சிலிண்டரை மே மாத வெயிலில் கண்ணாடி மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. சர்வீஸ் சென்டரில் இதெல்லாம் பழகியிருப்பீர்கள், ஆனால் நாளைக்கு உங்களிடம் வரும் ஹெல்பருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அந்தப் பொறுப்பும் இனி உங்களுடையது.

அடுத்து ஸ்டாக். கெப்பாசிட்டர்கள், இன்சுலேஷன், டேப், டிரெயின் பைப், இரண்டு மூன்று அவுட்டோர் ஸ்டாண்ட், கீசருக்கு எலிமென்ட், தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வு, கேஸ்கெட், அப்புறம் ஆர்32, ஆர்410ஏ, ஆர்22 கேஸ் ஒவ்வொன்றிலும் சிறிய சிலிண்டர். இதற்கு 40,000 ரூபாய் ஒதுக்குங்கள். காப்பர் காயிலை வாங்கி அடுக்காதீர்கள், ஆர்டர் கிடைத்த பிறகு அன்றைய விலைக்கு வாங்கிப் போடுங்கள். ஆர்22 கேஸை நிறைய வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-இல் இந்தியாவில் அதன் பயன்பாடு ஏறக்குறைய முடிவுக்கு வருகிறது, பழைய மெஷின்களைப் பழுதுபார்க்க மட்டும் 2040 வரை ஒரு சிறிய அளவு அனுமதி உண்டு. விலை ஏறத்தான் செய்யும், ஆனால் ஆர்22 மெஷின்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் கையிலிருக்கும் சிறு முதலை சிலிண்டரில் அடைத்து வைக்க வேண்டாம்.

கடை எடுக்கலாமா என்றால், முதல் வருடம் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் ஒரு ஷட்டர் கடைக்கு மாதம் பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது கடினம், பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம் அப்படியே முடங்கிவிடும். அதற்கு மேல் போர்டு, மேஜை, உள்வேலை என்று ஐம்பதாயிரம். நாலு லட்சத்தில் பாதி போய்விட்டது, ஒரு ஏசி கூடக் கழுவவில்லை. ஏசி ரிப்பேர் என்பது நாம் வீடு தேடிப் போகும் வேலை. ஜனங்கள் போனில் தேடுகிறார்கள், பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், கடைக்கு நடந்து வருகிறவர்கள் மிகக் குறைவு. கூகுள் மேப்பில் பெயரைப் பதிவது இலவசம், செய்த ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளரிடம் கேட்டு ஒரு ரிவ்யூ வாங்குங்கள். சாமான் வைக்கவும் ஏசியின் சர்க்யூட் போர்டு ரிப்பேர் செய்யவும் இடம் வேண்டும் என்றால் அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டிப் பக்கத்திலோ ஐயாயிரம் வாடகையில் ஓர் அறை போதும். வண்டியும் அப்படித்தான். இருக்கும் டூவீலரில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வாங்கினால் ஏணி, ஜெட் பம்ப், சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள்ளும் போகலாம். டாடா ஏஸ் இரண்டாம் வருடக் கனவாகவே இருக்கட்டும், ஏசி இறக்கி ஏற்ற வேண்டிய நாளில் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை வந்த கணக்கு: சாமான் ஒரு லட்சம், ஸ்டாக் நாற்பதாயிரம், அறைக்கு அட்வான்ஸ், கார்டு, டீ-சர்ட், மற்ற சில்லறை எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். மொத்தம் இரண்டு லட்சம். மீதி இரண்டு லட்சம் எதற்கு என்பதுதான் இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

சேலத்தில் பிப்ரவரிக் கடைசியில் போன் அடிக்க ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஜூன் தாண்டியதும் குறையும், அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் சுத்தமாக அடங்கிவிடும். மழைக்காலத்தில் செலவு எப்படி என்று பாருங்கள்: ஹெல்பருக்கு ஒரு நாளைக்கு 700 வீதம் 26 நாளைக்கு 18,200, பெட்ரோல் 5,000, அறை வாடகை 5,000, போன், சில்லறை 2,000, உங்கள் வீட்டுச் செலவு 20,000. கூட்டினால் ஐம்பதாயிரம். வரவு? ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்றரை வேலை, ஒரு வேலைக்கு 700 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 27,300. மாதாமாதம் இருபத்து மூவாயிரம் குறைகிறது, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நாலு மாதத்துக்குத் தொண்ணூறாயிரம். இதற்குத் தயாராக இல்லாதவர்கள் தீபாவளிக்கு நகையை அடகு வைப்பார்கள், பொங்கலுக்குள் பழைய முதலாளிக்குப் போன் போடுவார்கள். வேலை தெரியாமல் தோற்றவர்களைவிட இந்த நாலு மாதத்தைத் தாண்ட முடியாமல் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதில் என்னைவிட நல்ல மெக்கானிக்குகளும் இருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அதனால்தான் நீங்கள் ஏசியோடு கீசரையும் சேர்த்துக் கேட்டதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். கீசர் வேலை நவம்பரில் சூடு பிடிக்கும், ஏசி படுத்திருக்கும் மாதங்களில் அதுதான் கை கொடுக்கும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், இரண்டு வருடத்தில் எலிமென்ட்டைச் சுற்றி வெள்ளையாகக் கல் மாதிரி படிந்துவிடும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் ஆனோடு ராட் கரைந்து காணாமல் போயிருக்கும். பெரும்பாலானவர்கள் எலிமென்ட்டை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ராடையும் சேஃப்டி வால்வையும் கழற்றிக் காட்டி, டேங்க்கைக் கழுவிக் கொடுத்தால் அடுத்த வருடமும் அந்த வீட்டுக்காரர் உங்களைத்தான் கூப்பிடுவார். இதே போர் தண்ணீரை ஏசி காயில் கழுவவும் பயன்படுத்தாதீர்கள், உப்பு காய்ந்து அலுமினிய ஃபின்னில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர் ஒரு பக்கெட் கேட்டு வாங்குங்கள். அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் அவுட்டோர் காயிலைப் பஞ்சு அடைத்துக்கொள்ளும், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் தூசி. இப்படி இடத்துக்கு ஏற்ற மாதிரி வருடத்துக்கு இரண்டு சர்வீஸா மூன்றா என்று சொல்லி ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், பிடியுங்கள். ஏஎம்சி பணம் சீசனுக்கு முன்னாலேயே கைக்கு வருவது பெரிய பலம்.

அந்த இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம் மழைக்காலத்துக்கு. மீதி ஒரு லட்சம் எதற்கு என்றால், வராமல் நிற்கும் பாக்கிக்கு. வீட்டுக்காரர்கள் வேலை முடிந்ததும் ஜிபேயில் போட்டுவிடுவார்கள். நிறுவனங்கள் அப்படி இல்லை. ஒரு சிறிய ஆஸ்பத்திரி பத்து ஸ்ப்ளிட் ஏசி மாட்டச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மீட்டர் காப்பர் செட் என்றால் ஐம்பது மீட்டர், மீட்டர் 800 என்றாலே நாற்பதாயிரம், ஸ்டாண்டுகள் ஏழாயிரம், கூலி ஆள் தனி. காப்பர் கடையில் கடன் கிடையாது, ஆஸ்பத்திரியில் பில் பாஸாக இரண்டு மாதம். பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போதே கையில் பெட்ரோலுக்குக் காசு இருக்காது. பொருளுக்கான பணத்தை முன்பணமாகவும் கூலியை முடித்த பிறகும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முன்பணம் தர மறுக்கும் இடத்தில், காப்பரை அவர்களையே வாங்கித் தரச் சொல்லிக் கூலிக்கு மட்டும் வேலை செய்யுங்கள். லாபம் குறையும், ஆனால் தூக்கம் வரும்.

பதிவு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார், பான் எண் இருந்தால் அரசின் தளத்தில் இலவசமாகவே செய்யலாம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுடையது கிடையாது. பதிவு இருந்தால், 2006-ஆம் வருடச் சிறு, குறுந்தொழில் சட்டப்படி உங்களிடம் வேலை வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துக்கொடுத்தாலே சில அக்கவுன்ட்ஸ் ஆட்கள் கொஞ்சம் வேகமாக நகர்வார்கள். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். கல்லூரி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள் ஜிஎஸ்டி பில் கேட்கும் நிலை வரும்போது எடுத்துக்கொள்ளலாம், முதல் மாதமே எடுத்துவிட்டு வேலை இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட ஆடிட்டருக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. புது ஏசி வாங்கி விற்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் ஷோரூம்களும் ஆன்லைனும் தரும் விலைக்கு உங்களால் தர முடியாது. மாட்டுவதும் பராமரிப்பதும்தான் நம் பிழைப்பு. புது லைன் இழுப்பது, மின் போர்டு மாற்றுவது என்று மின்வேலை பெரிதாக வந்தால் உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோன் பற்றி. உங்கள் அளவுக்கு முதல் வருடம் கடன் தேவையில்லை, கையிருப்பே போதும். ஆனால் ஒரு விஷயத்தை ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டம் புதிதாக ஆரம்பிக்கும் தொழிலுக்கு மட்டும்தான், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்குக் கிடைக்காது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி திட்டத்தில் 25 சதவீதம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 சதவீத மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. மூன்றுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். ஆகவே பின்னால் வண்டியோடு பெரிதாகச் செய்யும் எண்ணம் இருந்தால், உத்யம் எடுத்து பில் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். பிஎம்இஜிபி மானியத்தைக் கையில் தர மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அது மூன்று வருடம் வங்கியில் உங்கள் பெயரில் நிற்கும், அதுவரை மாதத்தவணையை ஒழுங்காகக் கட்ட வேண்டும். டிசம்பர் மாதத் தவணையை எங்கிருந்து கட்டுவது என்று தெரியாமல் லோனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி ஆத்தரைஸ்டு சர்வீஸ் எடுக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நிறைய வேலை வரும், நிச்சயம். ஆனால் டெபாசிட், ஸ்பேர் ஸ்டாக், மூன்று நாலு டெக்னீஷியன் சம்பளம் எல்லாம் நீங்கள் போட வேண்டும், வாரன்ட்டி வேலைக்கான பணம் பின்னால்தான் வரும். நாலு லட்சத்தில் அது முடியாது. இரண்டு சீசன் தனியாகப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

ஹெல்பர் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். மூன்றாவது மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு அவுட்டோர் கழற்றும் வேலை இது. பிரதமரின் விபத்துக் காப்பீடான பிஎம்எஸ்பிஒய்க்கு வருடத்துக்கு 20 ரூபாய்தான், உயிரிழப்புக்கு 2 லட்சம் கிடைக்கும், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். உங்களுக்கும் அவருக்கும் அதை முதல் நாளே போடுங்கள், கூடவே ஒரு தனி விபத்துப் பாலிசியும் எடுங்கள். பெல்ட் போடாமல் ஏறினால் அன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுங்கள், வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. நீங்கள் வேலையை விடுவதானால் ஜனவரிக் கடைசியில் விடுங்கள், சீசன் ஆரம்பிக்கும் முன் சாமான் வாங்கி, பெயர் பதிந்து, பழக்கப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவைக்க ஒரு மாதம் கிடைக்கும். ஜூலையில் விட்டால் நேராக மழைக்காலத்தில் போய் விழுவீர்கள். பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சேலம் சின்ன ஊர், அந்தப் பேச்சு வருடக்கணக்கில் பின்னால் வரும்.

கடைசியாக ஏற்காட்டு லாட்ஜ். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சேலத்து ரேட்டில் எடுக்காதீர்கள். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு கீசருக்காகப் போய் வந்தாலும் அரை நாள் போய்விடும். அதனால் வேலைக்கு இவ்வளவு என்று பேசாமல் விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள், மாதத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டு எல்லாக் கீசரையும் அன்றே பாருங்கள், எலிமென்ட், தெர்மோஸ்டாட், வால்வு இரண்டிரண்டு அங்கேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். மே மாதக் கோடை விழாவும் டிசம்பர் விடுமுறையும்தான் அவர்களுக்கு நெருக்கடி, அதற்கு இரண்டு வாரம் முன்னால் முழுப் பரிசோதனை வைத்துவிடுங்கள். மேலே வேலை நல்லபடியாகப் போனால் அவர்களிடம் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பற்றிப் பேசலாம். எலிமென்ட் கீசர் எடுக்கும் கரண்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அது தண்ணீரைச் சூடாக்கும், பனிமூட்டம் நாள் கணக்கில் நிற்கும் இடத்தில் சோலாரை மட்டும் நம்ப முடியாது. ஹாட் அண்ட் கோல்டு ஏசியும் ஏற்காட்டுக் குளிருக்கு நன்றாகவே பொருந்தும். இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி என்பது அந்த மெஷினுக்குச் சிரமமே இல்லை. அங்கே ஏசி மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. சேலத்தில் வேக்குவம் போடும்போது அழுத்தம், வேக்குவம் இரண்டையும் காட்டும் காம்பவுண்டு கேஜ் 29 இன்ச் பக்கம் போகும், மேலே அதே பம்ப் 25 இன்ச்சோடு நின்றுவிடும். பம்ப் பழுது, லீக் இருக்கிறது என்று குழம்பாதீர்கள், மைக்ரான் கேஜை மட்டும் நம்புங்கள்.

ஒப்பந்தம் போடும் முன் எல்லா அறைகளையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். டேங்க் துருப்பிடித்த கீசர்களை எண் போட்டு எழுதி, இவை ஒப்பந்தத்தில் சேராது என்று கையெழுத்து வாங்குங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைக்காது, அதனால் எர்த்தை அளந்து பாருங்கள், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் கீசர் வேலை செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால், குளிருக்கு ஜன்னலை அடைத்துக் குளிக்கிறவர்கள் கார்பன் மோனாக்ஸைடில் மயங்கி விழுந்து உயிர் போகும், அதற்கு வாசனையும் கிடையாது. அதை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள், மாற்றிய பிறகு நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.